மூணு தடவை எழுதினது அவங்களுக்குத் தெரியுமா?

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான கிளாட் நுழைவுத் தேர்வு டிசம்பர் முதல் ஞாயிறு நடக்கும். அந்த மாதத்திலேயே முடிவும் வந்துவிடும். அதற்குப் பிறகு சில வாரங்களுக்குத் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைகள் ஒரே மாதிரிக் கேள்விகளோடு வருவார்கள். "அக்கா, போன வருஷம் ரொம்பக் கம்மியா எடுத்தேன். இந்த வருஷம் அதையும் பாப்பாங்களா?" என்று ஒருத்தி. "நெகட்டிவ் மார்க்குல எவ்ளோ போச்சுன்னு காலேஜுக்குத் தெரியுமாக்கா?" என்று இன்னொருவன். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அப்பா, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்: "அமெரிக்காவுக்குப் போட்டா மூணு தடவை எழுதினதையும் அனுப்பிடுவாங்களாமே மேடம், புள்ள பேரு கெட்டுடாதா?"

பேரெல்லாம் கெடாது. ஆனால் அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. மூன்று முறை எழுதியது அங்கே தெரியத்தான் செய்யும். இங்கே கிளாட்டை மூன்று முறை எழுதினாலும் யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிகளிலோ நுழைவுத் தேர்வு என்ற பேச்சே கிடையாது. எந்தக் கதவைத் தட்டுகிறோமோ அதைப் பொறுத்து, உள்ளே இருப்பவரின் மேசையில் என்ன இருக்கும் என்பது முழுக்க மாறுகிறது. இந்த வித்தியாசம் பயிற்சி மையத்துக்கு லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே சொல்லித் தரப்படுகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளோ பணம் கட்டி, தேர்வு எழுதி, முடிவும் வந்த பிறகுதான் பயப்பட ஆரம்பிக்கிறார்கள்.

பக்கத்தில் இருக்கும் கதவிலிருந்து தொடங்குவோம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதோடு இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளும் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தும் தரவரிசை போடுகின்றன. பல்கலைக்கழகத்தின் சொந்தச் சீர்மிகு சட்டப்பள்ளிக்கும் அதே முறைதான். விண்ணப்பத்தில் உள்ள மதிப்பெண், சாதிச் சான்றிதழ், 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி பிரிவு, 2021-இல் கொண்டுவந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் எங்கே படித்தார் என்ற விவரம் ஆகியவைதான் அங்கே பார்க்கப்படும். கிளாட்டில் ஒருவர் பூஜ்யம் எடுத்திருந்தாலும் அது இந்தக் கதவுக்குள் நுழையாது. "கிளாட்ல ஃபெயில், அதனால லா காலேஜ்லயும் எடுக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம். கிளாட்டில் பாஸ், ஃபெயில் என்றே ஒன்றும் கிடையாது.

உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியிருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போய்விட்டது. ராயபுரத்திலிருந்து நடந்தே போய்ப் படித்தவர்கள் இருந்த கல்லூரி அது. இன்று வியாசர்பாடி ஜீவாவில் ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்துப் போகிறார்கள். தூரம் கூடியதிலிருந்து, "அவ்ளோ தூரம் போறதுக்கு கிளாட் எழுதி வேற ஊருக்கே போயிடலாமே" என்று யோசிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கிளாட் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு அதன் உட்புறம் தெரிய வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளாட் 2008-இல் ஏழு தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. 2017-இல் அவை சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அமைத்தன. இப்போது தேர்வை நடத்துவதும் கலந்தாய்வு நடத்துவதும் அந்தக் கூட்டமைப்புதான். நம் மாநிலத்தில் திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இதன் வழியாகத்தான் மாணவர்களை எடுக்கிறது. டெல்லியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு வைத்திருக்கிறது. ஒன்றின் மதிப்பெண் மற்றொன்றுக்குப் போகாது. கிளாட்டில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தருக்கம், பொதுத் தருக்கம், கணக்கு என்று ஐந்து பகுதிகள். முழுக்க ஆங்கிலத்தில் மட்டும்.

இதில் ஒரு "சேர்க்கை அதிகாரி" உட்கார்ந்து ஒவ்வொருவர் கோப்பையும் புரட்டிப் பார்க்கிறார் என்று பிள்ளைகள் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படி ஒருவர் இல்லை. மொத்த மதிப்பெண்ணிலிருந்து அகில இந்தியத் தரவரிசை வருகிறது, அதிலிருந்து பிரிவு வாரியான தரவரிசை வருகிறது. மாணவர் கொடுத்த விருப்ப வரிசையையும் இந்தத் தரவரிசையையும் வைத்துக் கணினி இடம் ஒதுக்குகிறது. இடம் கிடைத்த பிறகு பல்கலைக்கழகத்து அலுவலகம் சான்றிதழ் சரிபார்க்கும். பன்னிரண்டாம் வகுப்பில் பொதுப் பிரிவினர் 45 சதவீதமும், பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 40 சதவீதமும் எடுத்திருந்தால் போதும். அதற்கு மேல் 46 எடுத்தாரா 96 எடுத்தாரா என்பதற்கு மதிப்பே கிடையாது. போன வருடத்து மதிப்பெண் போன வருடத்தோடு முடிந்தது. அதைச் சேமித்து அனுப்பும் ஏற்பாடே இல்லை.

அந்தக் கால் மதிப்பெண் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தவறான விடைகள் எத்தனை என்று யாரும் தனியாக எண்ணிப் பார்ப்பதில்லை. இறுதிக் கூட்டுத்தொகைதான் பேசும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் உள்பகுதி மதிப்பெண் வெளியே எட்டிப் பார்க்கும். இரண்டு பேர் 83.25 எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சட்டத் தருக்கப் பகுதியில் யார் கூடுதலாக எடுத்தார் என்று பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. வயதும் ஒன்றாக இருந்தால் கணினியில் குலுக்கல். தரவரிசையின் நடுப்பகுதியில் கால் மதிப்பெண் வித்தியாசத்துக்குள் ஏராளமானவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பதால், இது வெறும் ஏட்டு விதி என்று நினைத்துவிட வேண்டாம். 2024 டிசம்பர் தேர்வில் சில விடைக் குறிப்புகள் தவறு என்று வழக்குப் போய், டெல்லி உயர் நீதிமன்றம், பிறகு 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை அது நீண்டது. அதனால்தான் தற்காலிக விடைக் குறிப்பு வந்ததும் ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுக்கும் சில நாட்களை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

கிளாட்டின் இந்தப் பார்வையின்மையைச் சிலர் நியாயம் என்கிறார்கள். சிபாரிசு செல்லாது, முகம் பார்த்து இடம் தர முடியாது என்பது உண்மைதான்; அதை நானும் மதிக்கிறேன். ஆனால் கொருக்குப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கவே பதினோராம் வகுப்பில்தான் தொடங்கிய ஒரு பெண் 70 எடுப்பதும், அண்ணா நகரில் இரண்டு வருடம் பயிற்சிக்குப் போன பிள்ளை 70 எடுப்பதும் அந்தக் கணினிக்கு ஒன்று. இட ஒதுக்கீட்டுப் பிரிவைத் தவிர அவள் வாழ்க்கையைப் பற்றி வேறெதுவும் அங்கே பதிவாவதில்லை. பழைய தோல்வி மறைகிறது. அதோடு சேர்ந்து கடந்து வந்த தூரமும் மறைந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். அங்கே சட்டம் என்பது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் மூன்றாண்டு ஜே.டி. படிப்பு. அதற்கான தேர்வு எல்சாட், 1948 முதல் நடக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் நியூடவுன் என்ற ஊரில் உள்ள எல்எஸ்ஏசி என்ற அமைப்பு அதை நடத்துகிறது. தேர்வை நடத்துவதோடு இந்த அமைப்பு நிற்பதில்லை. மாணவரின் மதிப்பெண் சான்றிதழ்கள், பரிந்துரைக் கடிதங்கள், தேர்வு முடிவுகள் எல்லாவற்றையும் வாங்கி, ஒரே அறிக்கையாகக் கட்டி, விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்புவதும் அதுதான். எந்த மதிப்பெண்ணை அனுப்புவது, எதை மறைப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்குக் கிடையாது. காசிமேட்டு அப்பா பயந்தது இதைத்தான்.

அந்த அறிக்கையைச் சேர்க்கை அதிகாரி திறக்கும்போது என்ன தெரியும் என்று பார்ப்போம். தேர்வு எழுதிய தேதிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 120 முதல் 180 வரையிலான அளவுகோலில் ஒரு மதிப்பெண். பக்கத்தில் சதவீத நிலை: எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் இவரைவிடக் குறைவாக எடுத்தார்கள் என்பது. 170 எடுத்தவர் ஏறத்தாழ 95 சதவீதம் பேரைத் தாண்டியிருப்பார். இந்தக் கணக்கு முந்தைய மூன்று தேர்வாண்டுகளில் எழுதியவர்களை வைத்துப் போடப்படுவதால், அதே 170-இன் சதவீத நிலை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரும். பிறகு ஒரு பட்டை: 158 எடுத்தவருக்கு 155 முதல் 161 வரை என்று போட்டிருக்கும். ஒரே ஆள் ஒரே திறமையோடு வேறொரு நாளில் எழுதினாலும் மூன்று மதிப்பெண் மேலே கீழே போகலாம் என்று தேர்வை நடத்துபவர்களே ஒப்புக்கொள்வதுதான் அந்தப் பட்டை. ஒன்றுக்கு மேல் எழுதியிருந்தால் சராசரியும் இருக்கும். நடப்பு ஆண்டோடு அதற்கு முந்தைய ஐந்து தேர்வாண்டுகள் வரையிலான முடிவுகள் இந்தப் பட்டியலில் வரும்.

தெரியாதவையும் உண்டு. பகுதி வாரியான மதிப்பெண் எல்சாட்டில் வெளியிடப்படுவதே இல்லை. 2024 ஆகஸ்டிலிருந்து புதிர் விளையாட்டுப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண் கணக்கில் வருவது தருக்கப் பகுதிகள் இரண்டும் வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்றும்தான். நான்காவதாக ஒரு சோதனைப் பகுதி வரும், அதற்கு மதிப்பெண் இல்லை. வாசிப்பில் சறுக்கி, தருக்கத்தில் மீண்டு வந்து 160 எடுத்தாலும், அதிகாரிக்குத் தெரிவது 160 மட்டுமே.

பணத்தோடு சம்பந்தப்பட்ட இடம் அடுத்து வருவது. தேர்வுக்குப் பதிவு செய்ய 200 டாலருக்கு மேல் ஆகிறது. நம் வீடுகளில் அது ஒரு மாத வாடகையைத் தாண்டும் தொகை. பதிவு செய்த பிறகு தயாரிப்பு போதவில்லை என்று தோன்றினால் மூன்று வழிகள் இருக்கின்றன, அவை எல்லாம் வெளியே ஒரே மாதிரித் தெரியாது.

தேர்வு தொடங்குவதற்கு முந்தைய நாள் வரை முறைப்படி விலகிக்கொள்ளலாம். விலகியது கல்லூரிகளுக்குப் போகாது. பணம் திரும்பக் கிடைப்பதற்கு மட்டும் அதற்கு வெகு முன்பே ஒரு கடைசித் தேதி உண்டு. எழுதிவிட்டு, மதிப்பெண் தெரியும் முன்பே ஆறு நாட்களுக்குள் ரத்து செய்யலாம். அல்லது தனிக் கட்டணம் கட்டி, மதிப்பெண்ணை முதலில் தான் மட்டும் பார்த்துவிட்டு, ஆறு நாட்களுக்குள் வைத்துக்கொள்வதா ரத்து செய்வதா என்று முடிவெடுக்கலாம். இந்த முன்பார்வை வசதி 2020-இல் வந்தது. தொடக்கத்தில் முதல்முறை எழுதுபவர்களுக்கு மட்டும் இருந்தது, பிறகு எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஆறு நாள் கடந்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மதிப்பெண் தானாகவே கோப்பில் ஏறிவிடும்.

ரத்து என்றால் அழித்துவிடுவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எண்தான் மறையும். அந்தத் தேதிக்கு எதிரே, தேர்வு எழுதியவரே ரத்து செய்தார் என்ற குறிப்பு அதிகாரியின் கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒரு ரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரிசையாக மூன்று நான்கு இருந்தால் ஏன் என்று கேட்கத் தோன்றும். எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கிறது: மேலே சொன்ன நடப்பு ஆண்டும் முந்தைய ஐந்து ஆண்டுகளும் சேர்ந்த காலத்துக்குள் ஐந்து முறை, வாழ்நாளில் ஏழு முறை. ரத்து செய்ததும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே தயாராகாமல் "சும்மா ஒரு தடவை எழுதிப் பாக்கறேன்க்கா" என்று சொல்பவர்களைப் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து வீட்டிலேயே எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். எல்எஸ்ஏசி தளத்திலேயே இலவசமாகச் சில வினாத்தாள்கள் கிடைக்கின்றன. அவற்றை எத்தனை தடவை எழுதினாலும் எந்தக் கோப்பிலும் ஏறாது.

சரி, மூன்று மதிப்பெண்ணும் தெரிந்தால் எதை வைத்து முடிவு செய்வார்கள்? 2006 வரை அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் எல்சாட் புள்ளிவிவரத்தை அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்துக்குத் தரும்போது, பல முறை எழுதியவருக்குச் சராசரியைக் கொடுத்தன. 2006-இல் விதி மாறி, ஒவ்வொருவரின் உச்ச மதிப்பெண்ணைக் கொடுக்கலாம் என்றானது. கல்லூரியின் இடைநிலை மதிப்பெண் (மாணவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் மதிப்பெண்) எவ்வளவு என்பது பத்திரிகைத் தரவரிசைகளில் பெரிய விஷயம். அதனால் ஒரு மாணவி 151, 155, 163 என்று எழுதியிருந்தால் கல்லூரியின் கணக்கில் ஏறப்போவது 163. அதிகாரிக்கு அந்த 163-ஐப் பிடித்துக்கொள்ள எல்லாக் காரணமும் இருக்கிறது. எல்லா மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்ப்போம் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அங்கேயும் மேலே ஏறிப் போகும் வரிசை யாரையும் உறுத்தாது. அந்த அப்பாவிடம் நான் சொன்னது இதைத்தான்: "மூணு தடவை எழுதினது தெரியும்ணா. மூணாவது தடவை நல்லா எழுதினதும் அதே தாள்ல தெரியும்."

நம் ஊரில் பட்டம் வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க மாணவரின் கல்லூரி மதிப்பெண்ணை எல்எஸ்ஏசி ஒரே அளவுகோலுக்கு மாற்றி, ஜிபிஏ எனப்படும் ஒரு தரப் புள்ளி சராசரியைக் கணக்கிட்டு அனுப்புகிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அப்படிக் கணக்கிடுவதில்லை. வெளிநாட்டுச் சான்றிதழை மதிப்பிட்டு, மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற சொற்களில் ஒன்றை மட்டும் போடுவார்கள். ஆகவே வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியிலோ மாநிலக் கல்லூரியிலோ படித்தவரின் கோப்பில், மற்ற விண்ணப்பதாரர்களோடு நேருக்கு நேர் ஒப்பிடக்கூடிய எண் என்று இருப்பது எல்சாட் ஒன்றுதான். அவர்களுக்கு அந்தத் தேர்வின் கனம் கூடுதல். பட்டப்படிப்பில் 62 சதவீதம்தான் என்று மனம் விட்டுப் போகிறவர்களுக்கு இது ஆறுதல். எல்சாட்டைக் கடமைக்கு எழுதலாம் என்று நினைப்பவர்களுக்கு எச்சரிக்கை.

மதிப்பெண் இல்லாத ஒரு தாளும் அந்தக் கோப்பில் போகிறது. எல்சாட்டின் எழுத்துப் பகுதி தனியாகக் கணினியில் எழுதுவது. இப்போது குறிப்பெடுக்க 15 நிமிடம், எழுத 35 நிமிடம். யாரும் திருத்தி மதிப்பெண் போடுவதில்லை, அதனால் பலர் ஏனோதானோ என்று எழுதிவிடுகிறார்கள். அது கோப்பில் இல்லாமல் எல்சாட் மதிப்பெண்ணே வெளியாகாது. கல்லூரிக்கு அந்தக் கட்டுரை அப்படியே போகும். விண்ணப்பத்தோடு வரும் சுயவிவரக் கட்டுரையை நாலு பேர் திருத்திக் கொடுத்திருக்கலாம். இது ஒன்றுதான் ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதியது என்று அதிகாரி நம்பக்கூடிய எழுத்து. ஆங்கிலம் தாய்மொழி இல்லாத ஒருவரின் கோப்பில் இதைத் திறந்து படிக்கும் ஆவல் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

மாற்றுத்திறனாளிகள் கூடுதல் நேரம் வாங்கி எழுதினால் அது தெரியுமா என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் தெரிந்தது. கூடுதல் நேரத்தில் எழுதியவரின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டு, இதை மற்றவர்கள் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டாம் என்ற பொருளில் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை தொடுத்த வழக்கில் மத்திய நீதித் துறையும் சேர்ந்துகொண்டது. 2014-இல் எல்எஸ்ஏசி சமரச ஆணைக்கு ஒப்புக்கொண்டு, 77 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. குறிப்புப் போடும் வழக்கமும் நின்றது. இன்று பார்வைக் குறைபாட்டுக்காகவோ கற்றல் குறைபாட்டுக்காகவோ கூடுதல் நேரம் பெற்றவரின் மதிப்பெண், பார்ப்பவருக்கு மற்ற எந்த மதிப்பெண்ணையும் போலவே இருக்கும். தகுதியுள்ளவர்கள் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும். கிளாட்டில் மாற்றுத்திறனாளிப் பிரிவு இட ஒதுக்கீட்டோடு சேர்ந்து வருவதால் அது தரவரிசையிலேயே தெரியும். அங்கே தெரிவதுதான் அவர்களுக்கு நன்மை.

ஒழுங்கு மீறல் புகார் வந்து, விசாரணையில் உறுதியானால், அதுவும் கல்லூரிகளுக்குப் போகும். 2020 கொரோனா காலத்தில் எல்சாட் வீட்டிலிருந்தே எழுதும் தேர்வானது. கேமராவில் அறை முழுவதையும் சுழற்றிக் காட்ட வேண்டும். கண்காணிப்பாளர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பார். தேர்வு நடக்கும்போது அறைக்குள் இன்னொருவர் வரக் கூடாது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒரே அறையில் அஞ்சு பேர் இருக்கும் வீட்டில், தண்ணி லாரி வந்துவிட்டது என்று தங்கச்சி கதவைத் திறந்துகொண்டு குடத்தோடு ஓடி வந்தால் என்ன செய்வது? அதைப் பார்த்த கண்காணிப்பாளர் குறிப்பு எழுதலாம். எழுதினால் விளக்கம் கொடுக்கும் பாடு நமக்கு. 2023 ஆகஸ்டிலிருந்து தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் வழியும் கிடைத்தது. திருட்டுத்தனம் பெருகியதால் 2025-இல் சீனாவில் இணைய வழித் தேர்வையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2026 ஆகஸ்ட் தேர்விலிருந்து, விதிவிலக்குப் பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும் என்றும் அறிவித்தார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என் யோசனை, வீட்டிலிருந்து எழுத அனுமதி கிடைத்தாலும், பேருந்துச் செலவைப் பார்க்காமல் மையத்துக்கே போய் எழுதுங்கள் என்பதுதான்.

எல்சாட் சரியாக வரவில்லை, மற்ற முதுநிலைப் படிப்புகளுக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இ எழுதி அதை மட்டும் அனுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அரிசோனா பல்கலைக்கழகம் 2016-இலும் ஹார்வர்டு 2017-இலும் ஜிஆர்இ-யை ஏற்க ஆரம்பித்தன, பிறகு பல கல்லூரிகள் பின்தொடர்ந்தன. ஜிஆர்இ-யில் எந்த நாளின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எழுதியவருக்கு இருக்கிறது. ஆனால் எல்சாட் ஏற்கெனவே எழுதியிருந்தால் எல்எஸ்ஏசி அறிக்கையில் அது போயே தீரும். எல்சாட் எழுதாமல் நேராக ஜிஆர்இ-க்குப் போகிறவருக்கு மட்டும்தான் அந்தத் தேர்வுரிமை முழுதாகப் பயன்படும்.

இங்கிலாந்தில் இன்னொரு விசித்திரம். ஆக்ஸ்ஃபோர்டு, லண்டனில் உள்ள யூசிஎல் போன்ற பல்கலைக்கழகங்கள் இளநிலைச் சட்டப் படிப்புக்கு எல்நாட் என்ற தேர்வைக் கேட்கின்றன. 95 நிமிடத்தில் 42 கேள்விகள், பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. கட்டுரைக்குத் தேர்வு அமைப்பு மதிப்பெண் போடாது. பல்கலைக்கழகமே வாங்கிப் படித்துக்கொள்ளும். ஒரு சேர்க்கை ஆண்டில் ஒரே முறைதான் எழுதலாம். அடுத்த ஆண்டு விண்ணப்பித்தால் திரும்ப எழுத வேண்டும், பழையது செல்லாது. விசித்திரம் எங்கே என்றால், எழுதியவருக்கு மதிப்பெண் பிப்ரவரியில்தான் வரும். ஆக்ஸ்ஃபோர்டு நேர்முகம் டிசம்பரில் நடக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மாணவியின் மதிப்பெண் தெரியும், மாணவிக்குத் தெரியாது. ரத்து, முன்பார்வை, கணக்குப் போட்டு விலகுவது எதற்கும் இடமில்லாத முறை இது. பயிற்சி மையத்துத் தந்திரங்களுக்கு மதிப்புக் குறைவு என்ற வகையில் எனக்கு இது கொஞ்சம் பிடித்தும் இருக்கிறது.

எல்சாட்டுக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் எல்லாம் தெரியும் முறையில் ஒரு நன்மையும் இருக்கிறது. கிளாட் கணினியிடம் எதையும் சொல்ல முடியாது. அமெரிக்க விண்ணப்பத்தில், மதிப்பெண்ணில் ஏதாவது உறுத்தினால் அதை விளக்கித் தனியாக ஒரு பக்கம் இணைக்க இடம் கொடுக்கிறார்கள். அதை எப்படி எழுதுவது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சென்ற ஆண்டு திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு தம்பி இரண்டு பக்கத்துக்கு எழுதி வந்திருந்தான்: குடும்பக் கஷ்டம், அப்பாவின் உடல்நிலை, தேர்வு நாளில் மின்வெட்டு, தேர்வு முறையே அநியாயம் என்று. படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளைப் படிக்கும் ஒருவருக்கு அதிலிருந்து தேவையானது எது என்று பிரித்தெடுக்கப் பொறுமை இருக்காது. இருவரும் உட்கார்ந்து அதை ஐந்து வரிக்குக் கொண்டுவந்தோம். முதல் தேர்வின் தேதியும் மதிப்பெண்ணும். அந்த மாதம் அப்பா ஸ்டான்லி மருத்துவமனையில் இருந்தது. இரவில் அங்கே தங்கியவன் அவன். நிலைமை சரியானதும் எழுதிய இரண்டாவது தேர்வின் தேதியும் மதிப்பெண்ணும். மருத்துவமனைச் சீட்டின் நகல் ஒன்று. அநியாயம் என்ற சொல்லை அவனே அடித்துவிட்டான்.

காரணம் இல்லாமல் வெறுமனே மதிப்பெண் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்தை எழுதவே வேண்டாம். இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்று சொல்வது எதையும் விளக்காது. குறைந்த எண்ணின் மேல் விரல் வைத்துக் காட்டுவதாகத்தான் முடியும். அடுத்த தேர்வுக்குப் பதிவு செய்திருந்தால், விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் அந்தத் தேதியைக் குறிப்பிட்டால் போதும். சில கல்லூரிகள் அந்த மதிப்பெண் வரும் வரை கோப்பை எடுத்து வைத்துக் காத்திருக்கும், புது மதிப்பெண்ணைச் சேர்த்து எல்எஸ்ஏசியே அனுப்பிவிடும்.

கடைசியாக, பட்டறைப்பெரும்புதூரிலோ புதுப்பாக்கத்திலோ சட்டம் முடித்துவிட்டு, "வெளிநாட்டுல மேல படிக்கணும்னா எல்சாட் எழுதணுமாக்கா?" என்று கேட்பவர்களுக்கு. ஏற்கெனவே சட்டப் பட்டம் இருப்பவர்கள் அமெரிக்காவில் பெரும்பாலும் போவது ஓராண்டு முதுநிலைச் சட்டப் படிப்பான எல்.எல்.எம்.முக்கு. அதற்குப் பொதுவாக எல்சாட் தேவையில்லை. சட்டப் படிப்பின் மதிப்பெண்கள், பரிந்துரைக் கடிதங்கள், எதற்காகப் படிக்க வருகிறார் என்ற கட்டுரை ஆகியவற்றோடு டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வு ஒன்றைக் கேட்பார்கள். டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள் செல்லும். எந்தத் தேதியின் முடிவை அனுப்புவது என்பதை எழுதியவரே தேர்ந்தெடுக்கலாம். அதோடு அந்த இரண்டு ஆண்டுக்குள் ஒவ்வொரு பகுதியிலும் எடுத்த சிறந்த மதிப்பெண்களை வைத்துக் கணக்கிட்ட ஒரு மதிப்பெண்ணும் அதே அறிக்கையில் போகும்.